ஆயுதம் எடுத்த மாணவன் சிப்பாயா?

யாழ்ப்பாணத்து மக்கள் அவர்களுக்கு வைத்த பெயர் 'பொடியள்'. பையன்கள் என்று அர்த்தம். இயக்கம் 'போராளி' என்றது, செத்த பிறகு 'மாவீரர்' என்றது. கொழும்பு அரசு 'பயங்கரவாதி' என்றது. தமிழ்நாட்டு மேடைகளில் 'வேங்கை' ஆனார்கள். டெல்லி 1983-ல் ஒரு பெயரும் 1987-ல் வேறு பெயரும் வைத்தது. இத்தனை பெயர் சூட்டியவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போன ஒரு கேள்வி உண்டு. அந்தப் பையன் சிப்பாயா, இல்லையா?

கேட்டவுடன் ரத்தம் சூடாகிற கேள்விதான். "சிப்பாய் இல்லை" என்றால் தியாகத்தைக் கொச்சைப்படுத்துகிறான் என்பார்கள். "சிப்பாய்தான்" என்றால் தீவிரவாதத்துக்கு வக்காலத்து வாங்குகிறான் என்பார்கள். இரண்டு தரப்பும் ஒரே தப்பைச் செய்கிறது. சிப்பாய் என்பதைப் பாராட்டுப் பட்டம் என்று நினைத்துக்கொள்கிறது. அது பட்டம் கிடையாது. சில கடமைகளும் அதற்கு ஈடாகச் சில உரிமைகளும் சேர்ந்த ஒரு நிலை. கடமை எல்லோருக்கும் தெரியும்: கட்டளைக்குக் கீழ்ப்படிவது, சுடுவது, சாவது. உரிமைதான் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. பிடிபட்டால் உயிரோடு வைத்துச் சோறு போட வேண்டும். செத்தால் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். சேவைக்காலம் முடிந்தால் வீட்டுக்கு விட வேண்டும். அவன் செய்த தப்புக்கு அவனுக்கு மேலே கட்டளை போட்டவனும் பதில் சொல்ல வேண்டும்.

இது கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த கதை, நமக்கென்ன என்று நல்லம்பள்ளியில் உட்கார்ந்திருப்பவர் தள்ளிவிட முடியாது. சேலம் பஸ் ஏறி தொப்பூரில் இறங்கி மேட்டூர் ரோட்டைப் பிடித்தால், மேட்டூர் தாண்டிக் கொளத்தூர். 1980-களின் நடுவில் அந்தக் காட்டோரத்தில் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் இருந்தது. 'புலியூர்' என்ற பெயரே அதனால் வந்ததுதான். நம்மூர் கணக்கில் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்க வேண்டிய வயதுப் பையன்கள் இந்தப் பக்கத்து வெயிலில் தரையில் தவழ்ந்து துப்பாக்கி பழகினார்கள். தருமபுரி மாவட்டத்திலேயே தும்பலஹள்ளி, வாணியாறு, நாகாவதி என்று அணைகளை ஒட்டி இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. (2021 முதல் அவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர். பெயர் மாற்றுவதில் அரசுகளுக்கு எப்போதுமே ஒரு சுகம்.)

சரி, மாணவன் ஏன் ஆயுதம் எடுத்தான் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1971-ல் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாக வேறு வேறு கட்-ஆஃப் வைத்தார்கள். 'தரப்படுத்தல்' என்று அதற்குப் பெயர். மருத்துவம் படிக்கத் தமிழ் மாணவன் 400-க்கு 250 எடுக்க வேண்டும், சிங்கள மாணவனுக்கு 229 போதும். அடுத்தடுத்த ஆண்டுகளில் மாவட்ட ஒதுக்கீடும் வந்து சேர்ந்தது. பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைக்கு இடம் கொடுப்பது வேறு விஷயம், அதில் நியாயம் உண்டு. தருமபுரிக்காரர்களுக்கு அது நன்றாகவே புரியும். ஆனால் ஒரே பரீட்சைக்கு, எழுதிய மொழியைப் பார்த்து மார்க் வைப்பது இட ஒதுக்கீடு ஆகாது. யாழ்ப்பாணத்தில் விவசாயத்துக்குப் பெரிதாக நிலம் இல்லை, தொழிற்சாலை இல்லை. படிப்புதான் முதல். அந்த முதலில் கை வைத்தார்கள்.

தமிழ் மாணவர் பேரவை 1970-ல் தொடங்கியது இந்தச் சூட்டில்தான். அந்தக் காலத்தின் முகம் உரும்பிராய் பொன். சிவகுமாரன். 1970-லேயே ஒரு துணை அமைச்சரின் காரில் குண்டு வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர். 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்து உலகத் தமிழ் மாநாட்டின் கடைசி நாளில் போலீஸ் நடவடிக்கையில் மக்கள் செத்தபோது, அதற்குக் காரணமானவர்களைப் பழிவாங்கக் கிளம்பினார். அதே ஆண்டு ஜூன் 5-ல் கோப்பாயில் வங்கிக் கொள்ளை முயற்சி தோற்று, போலீஸ் சூழ்ந்தபோது சயனைடு விழுங்கி இறந்தார். 23 வயது. பிற்பாடு ஜூன் 6-ஐ 'மாணவர் எழுச்சி நாள்' என்று புலிகள் கொண்டாடினார்கள்.

சிவகுமாரன் சிப்பாயா? 1949-ன் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. பொறுப்பான ஒரு தளபதி இருக்க வேண்டும், தூரத்திலிருந்தே தெரிகிற அடையாளம் வேண்டும், ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்த வேண்டும், போர் விதிகளை மதிக்க வேண்டும். சிவகுமாரனுக்குத் தளபதி இல்லை, சீருடை இல்லை, படை என்று சொல்ல ஒன்றும் இல்லை. சட்டப்படி சிப்பாய் என்று சொல்ல வழியே இல்லை. ஆனால் ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் இருந்தது. அவரை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. போனது அவரே.

இதற்கு நேர் எதிராக இன்னொரு கூட்டம். 1989-ல் இந்திய அமைதிப்படை கிளம்பத் தயாரானபோது, தனக்குப் பின்னால் வடகிழக்கைக் காக்க ஒரு படை வேண்டும் என்று ஏற்பாடு நடந்தது. 'தமிழ்த் தேசிய ராணுவம்' என்று பெயர். ஈ.பி.ஆர்.எல்.எஃப் போன்ற இயக்கங்கள் ஆள் சேர்த்தன. சேர்த்தன என்பது மரியாதைக்குச் சொல்வது. ரோட்டில் போன பையனை, டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்த பையனைப் பிடித்து ஏற்றினார்கள். முடியை வெட்டி, சீருடை மாட்டி, கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்துக் கையில் துப்பாக்கியைத் திணித்தார்கள். 1990 மார்ச்சில் இந்தியப் படை கப்பல் ஏறியது. அதற்கு முன்பிருந்தே புலிகள் இந்தப் படையை நொறுக்க ஆரம்பித்திருந்தார்கள். கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

இப்போது ஜெனீவா அளவுகோலை இவர்கள் மேல் வையுங்கள். தளபதி உண்டு. சீருடை உண்டு. ஆயுதம் வெளியே தெரிகிறது. உருவத்தில் பார்த்தால் சிவகுமாரனைவிட நூறு மடங்கு சிப்பாய். மனதால் பார்த்தால் அவர்களில் பலர் ஒரு நிமிடம்கூடச் சிப்பாயாக இருந்ததில்லை. அம்மா தேடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபடி நின்ற பிள்ளைகள்.

இந்த விவாதத்தின் முடிச்சு இதுதான். உருவத்தைப் பார்க்கிற அளவுகோலும் சம்மதத்தைப் பார்க்கிற அளவுகோலும் எதிரெதிர் பதில் தருகின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் சண்டை ஓயவில்லை. பிரித்துவிட்டால் பாதி தெளிந்துவிடும். பிடிபட்டவனை எப்படி நடத்துவது என்ற கேள்விக்கு உருவம் போதும். துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டானா, முடிந்தது, இனி அவன் உயிருக்குப் பிடித்தவன் பொறுப்பு. அவனைப் புகழ்வதா, குற்றம் சொல்வதா, யாரைக் கூண்டில் ஏற்றுவது என்ற கேள்விக்குச் சம்மதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சம்மதம் என்றால் என்ன என்று பி.காம் படிப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வணிகச் சட்டத் தாளில் அடித்துப் படிப்பது அதைத்தான். 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 14. வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான தகவல், பிழை ஆகியவை இல்லாமல் கொடுத்தால்தான் அது சுதந்திரமான சம்மதம். அப்புறம் பிரிவு 11, மைனர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவன். மோகரி பீவி வழக்கு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், ஐந்து மார்க் கேள்வி. ஒரு மைனர் பையன் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கினான். அந்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-ல் பிரிவி கவுன்சில் சொன்னது. பதினெட்டு வயது ஆன பிறகு "சரி, ஒத்துக்கொள்கிறேன்" என்று அதற்கு உயிர் கொடுக்கவும் முடியாது.

இலங்கையில் இந்தச் சட்டம் செல்லாது, இயக்கத்தில் சேர்வது வியாபாரமும் இல்லை. தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டை அடமானம் வைக்கப் பதினேழு வயதுப் பையனுக்குப் பக்குவம் போதாது என்கிறோம். உயிரை அடமானம் வைக்கப் போதும் என்று எப்படிச் சொல்ல முடியும்? "பதினைந்தில் சேர்ந்தான், இருபதிலும் இருந்தான், அப்படியானால் விருப்பம்தானே" என்பதும் நிற்காது. வெளியே போனால் ஒரு பக்கம் ராணுவம், இன்னொரு பக்கம் துரோகிப் பட்டம் என்ற நிலையில் தங்கியவனின் தங்கல், சம்மதம் ஆகாது.

1983-க்குப் பிறகு போனவர்களை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? இதுதான் கஷ்டமான இடம். ஜூலையில் கொழும்பில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. வாக்காளர் பட்டியல் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தார்கள். வெலிக்கடை ஜெயிலுக்குள்ளேயே கைதிகள் இரண்டு நாட்களில் 53 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் பையன்கள் படகு ஏறினார்கள். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. பாடப் புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். அவர்களை 'ஏமாந்த பிள்ளைகள்' என்று இன்று சொல்வது அவர்களை அவமதிப்பது. பதினெட்டு, இருபது வயதில் கண்ணால் கண்டதை வைத்து எடுத்த முடிவு அது. அவர்கள் போராளிகள். அதன் பெருமை அவர்களுக்கு உண்டு என்றால் அதன் பொறுப்பும் உண்டு. சிப்பாய் என்று ஒத்துக்கொண்டால் பொதுமக்களைச் சுட்ட சிப்பாய் குற்றவாளி என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 1985 மே மாதம் அனுராதபுரத்தில் பஸ் நிலையத்தில் நின்ற சிங்களச் சனத்தைச் சுட்டதற்கு எந்தத் தரப்படுத்தலும் பதில் ஆகாது.

ஆனால் அவர்கள் சம்மதம் எதற்குக் கொடுத்தது? ராணுவத்தோடு சண்டை போட. யார் படகு முதலில் கிடைத்ததோ அந்த இயக்கம் என்று போனவர்கள் ஏராளம். வித்தியாசம் தெரிந்து தேர்ந்தெடுக்க அப்போது நேரமும் இல்லை. 1986-ல் புலிகள் டெலோவை அழித்தபோது, மே 6-ல் அதன் தலைவர் சிறீ சபாரத்தினத்தோடு நிற்காமல் அதற்கு முன்னும் பின்னும் செத்தது இப்படிப் படகு மாறி ஏறிய பையன்கள்தான். புளொட்டின் முகாம்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரத்தநாட்டில் இருந்தன. அங்கே சொந்த உறுப்பினர்களையே சித்திரவதை செய்து கொன்ற கதையை, அதற்குள் இருந்து தப்பி வந்த கோவிந்தன் 1985-லேயே 'புதியதோர் உலகம்' என்று நாவலாக எழுதிவிட்டார். தமிழ்நாட்டு மண்ணில் நடந்தது. தமிழ்நாட்டில் எத்தனை பேர் படித்தார்கள்?

இதைத்தான் பிரிவு 14 மோசடி என்கிறது. எதிரியோடு சண்டை என்று கையெழுத்து வாங்கி அண்ணன் தம்பியோடு சண்டைக்கு அனுப்புவது.

பிறகு 2000-கள். வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் கணக்கு வைத்தார்கள். 2003 முதல் 2008 முடிய பதினெட்டு வயதுக்குக் கீழே புலிகள் சேர்த்தவர்கள் என்று யுனிசெஃப் பதிவு செய்தது 6,000-க்கு மேல். பதிவானது மட்டும். பிரிந்து போய் அரசோடு சேர்ந்த கருணா அணியும் கிழக்கில் பிள்ளைகளைக் கடத்தியது. அரசுப் படைகளின் சிலர் அதற்கு உடந்தை என்று 2006 நவம்பரில் ஐ.நா. அனுப்பிய ஆலன் ராக் சொன்னார். பிள்ளையைக் காப்பாற்ற அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்த பெற்றோர், பங்கர் வெட்டி மறைத்து வைத்த பெற்றோர் கதைகள் வன்னியிலிருந்து வந்த யாரைக் கேட்டாலும் கிடைக்கும். 'மாவீரர் மண்' என்று இங்கே கவிதை எழுதிய அதே நாட்களில்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு. வயது என்பது வெள்ளைக்காரன் கணக்கு, புறநானூற்றுத் தாய் சின்னஞ்சிறு மகனைப் போருக்கு அனுப்பவில்லையா என்பார்கள். தகடூர்க்காரர்களிடம் இதைச் சொல்வது சுலபம், அதியமான் ஊர் அல்லவா. ஆனால் தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போய் அங்கே இருக்கிற நடுகற்களை ஒருமுறை பாருங்கள். எழுத்துள்ள நடுகல் வழக்கமாக என்ன சொல்லும்? எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், எந்தச் சண்டை, செத்தவன் யாருடைய சேவகன். கடைசிச் செய்தி முக்கியம். யாருடைய ஆள் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அவன் சாவுக்கு உரியவன் யார் என்பதை மறைக்கவில்லை. பெரும்பாலும் அவன் செத்தது மாடு மீட்கவோ கவரவோ நடந்த சண்டையில். இன்னொரு விஷயம், கவிதையில் வரும் தாய் மகனைத் தானே அனுப்புகிறாள். வன்னியில் தாயின் கையிலிருந்து பிடுங்கினார்கள். இரண்டையும் ஒன்று என்பவர் புறநானூற்றையும் படிக்கவில்லை, வன்னியையும் பார்க்கவில்லை.

இன்னொரு எதிர்வாதம் கொஞ்சம் கனமானது. அரசு மட்டும் யோக்கியமா? அக்னிவீருக்குப் பதினேழரை வயதில் எடுக்கிறார்களே! நியாயமான கேள்வி. 2000-ன் ஐ.நா. நெறிமுறையே அரசுக்கு ஒரு சட்டம், இயக்கத்துக்கு ஒரு சட்டம் என்றுதான் இருக்கிறது. அரசு பதினாறு முடிந்தவனை விருப்பத்தின் பேரில் சேர்க்கலாம், ஆனால் பதினெட்டு வரை நேரடிச் சண்டையில் இறக்கக் கூடாது. இயக்கமோ பதினெட்டுக்குக் கீழே தொடவே கூடாது. அரசுகள் உட்கார்ந்து எழுதிய சட்டம், அப்படித்தான் இருக்கும். ஆனாலும் தருமபுரியிலிருந்து ஆள் சேர்ப்பு முகாமுக்கு ஓடுகிற பையனுக்கு அப்பா கையெழுத்து இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது, நான்கு வருடம் என்று ஒரு தேதி இருக்கிறது. திட்டம் நல்லதா கெட்டதா என்பது தனிக் கச்சேரி. தேதி இருக்கிறது என்பதுதான் இங்கே பேச்சு. சிப்பாய் என்பவன் ஒரு நாள் சிப்பாய் இல்லாமல் ஆகக் கூடியவன். கழுத்தில் சயனைடு குப்பி கட்டியவனுக்கு அந்தத் தேதி கிடையாது. உயிரோடு பிடிபடும் உரிமையை எதிரி பறிப்பதற்கு முன்னால் சொந்த இயக்கமே பறித்துவிட்டது.

எதிரி மட்டும் என்ன செய்தான்? அங்கேயும் 'சிப்பாய்' என்ற சொல் வசதிக்கு ஏற்ற சொல்தான். 2006 ஆகஸ்ட் 14 காலையில் முல்லைத்தீவு வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மேல் விமானப்படை குண்டு போட்டது. 50-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பெரும்பாலும் உயர்தர வகுப்பு மாணவிகள். அக்கம்பக்கப் பள்ளிகளிலிருந்து முதலுதவி, தலைமைப் பயிற்சி என்று வந்து தங்கியிருந்தவர்கள். அது புலிகளின் பயிற்சி முகாம், செத்தவர்கள் பயிற்சி பெற்ற சிறார் படையினர் என்றது அரசு. போய்ப் பார்த்த யுனிசெஃப், அவர்கள் புலிகள் என்பதற்கு ஆதாரம் காணவில்லை என்றது. புலிகளின் பகுதியில் மாணவிகளை அழைத்து இப்படிப் பயிற்சி கொடுப்பதே அவர்களைக் குறிக்கு அருகில் வைப்பதுதான், அந்தப் பொறுப்பு புலிகளுக்கு உண்டு. ஆனால் தூங்கி எழுந்த மாணவியை வானத்திலிருந்து பார்த்து 'சிப்பாய்' என்று முடிவு செய்தவன் அந்தச் சொல்லைக் கொலைக்கு அனுமதிச் சீட்டாக மட்டுமே பயன்படுத்தினான். சிப்பாய் என்றால் கிடைக்க வேண்டிய மற்றது எதையும் கொடுக்க அவன் தயாராக இருந்ததில்லை. பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம் அதற்குச் சாட்சி. 2000 அக்டோபர் 25. சரணடைந்தவர்கள், சந்தேகத்தில் பிடிபட்டவர்கள் என்று இருந்த தமிழ் இளைஞர்களில் 25-க்கும் மேற்பட்டவர்களை ஊர்க் கும்பல் வந்து அடித்தும் எரித்தும் கொன்றது, போலீஸ் அங்கேயே இருந்தது. 2005-ல் உச்ச நீதிமன்றம் கடைசியாக மிஞ்சிய குற்றவாளிகளையும் விடுதலை செய்தது. அந்தப் பையன்கள் ஆயுதத்தோடு இருக்கவில்லை. அரசின் காவலில் இருந்தார்கள்.

தமிழன் என்பதால் மட்டும் இப்படி என்றும் சொல்ல முடியாது. ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில், 1989-90-ல், எம்பிலிப்பிட்டியவில் சிங்களப் பள்ளி மாணவர்களை ராணுவ முகாமுக்குக் கொண்டுபோய் இல்லாமல் ஆக்கினார்கள். 1999-ல் தலைமை ஆசிரியர் உட்பட ஏழு பேருக்குத் தண்டனை கிடைத்தது. ஒரு அரசுக்கு மாணவன் மேல் சந்தேகம் வந்துவிட்டால் மொழி பார்க்காது போலிருக்கிறது.

அந்தப் பெயரை யார் எப்போது கொடுக்கிறார்கள் என்பதற்கு நல்ல உதாரணம் இந்திய தேசிய ராணுவம். மலேயா, சிங்கப்பூரிலிருந்து தமிழர்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் ஜானகி தேவர் சேர்ந்தபோது இன்னும் இருபது ஆகவில்லை. 1945 நவம்பரில் செங்கோட்டையில் மூன்று அதிகாரிகள் மேல் வழக்கு நடந்தது. மன்னருக்கு எதிராகப் போர் செய்த துரோகிகள் என்றது பிரிட்டிஷ் தரப்பு. விடுதலைக்காகப் போரிடும் மக்களுக்குப் போர் செய்யும் உரிமை உண்டு, இவர்கள் ஒரு அரசின் சிப்பாய்கள் என்று வாதாடினார் புலாபாய் தேசாய். தீர்ப்பு ஆயுள் நாடுகடத்தல். அடுத்த ஜனவரியிலேயே தளபதி ஆக்கின்லெக் தண்டனையை ரத்து செய்தார். வாதத்தில் மயங்கி அல்ல. வெளியே தெருவில் நின்ற கூட்டத்தைப் பார்த்து. ஈழத்து மாணவனுக்கு அப்படி ஒரு செங்கோட்டைகூடக் கிடைக்கவில்லை.

அதே பாடத்தில் முகவாண்மை என்று ஒரு அத்தியாயம் வரும். முகவர் செய்த காரியத்துக்கு முதல்வர் பொறுப்பு. இங்கே முதல்வர்கள் யார்? இயக்கத் தலைமைகள். ஆயுதமும் பயிற்சியும் கொடுத்துவிட்டு நான்கு வருடத்தில் அதே பையன்களோடு சண்டைக்குப் போன இந்திய அரசு. பணம் அனுப்பிய வெளிநாட்டுக்காரர்கள். கைதட்டிய தமிழ்நாடு. லாபம் வந்திருந்தால் எல்லோரும் பங்குக்கு வந்திருப்பார்கள். நஷ்டம் வந்ததும் "அவர்களே விரும்பிப் போனார்கள்" என்று கணக்கை முடித்துவிட்டார்கள்.

ஆயுதம் எடுக்காத மாணவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1986 நவம்பரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவன் விஜிதரன் கடத்தப்பட்டான். புலிகளே கடத்தினார்கள் என்று சக மாணவர்கள் வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். விஜிதரன் திரும்பவில்லை. போராட்டத்தில் முன்னால் நின்ற விமலேஸ்வரன் 1988-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் பேராசிரியர் ரஜனி திராணகம, எல்லாத் தரப்பின் கொலைகளையும் பதிவு செய்தவர், 1989 செப்டம்பர் 21-ல் சைக்கிளில் வீடு திரும்பும்போது கொல்லப்பட்டார். துப்பாக்கி இல்லாமல் துப்பாக்கிகளுக்கு நடுவே நின்றவர்கள் இவர்கள். மாணவர் எழுச்சி நாளில் இவர்கள் பெயர் வராது.

2013-ல் பாலச்சந்திரன் படம் வந்தபோது தமிழ்நாட்டுக் கல்லூரிகள் கொதித்தன. பன்னிரண்டு வயதுப் பையன், ராணுவக் காவலில் உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டிருக்கிறான், அடுத்த படத்தில் மார்பில் குண்டோடு கிடக்கிறான். லயோலா மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் மாநிலம் முழுக்கப் பரவியது. கோபம் நூற்றுக்கு நூறு சரி. அந்தக் கோபத்தின் காரணமும் தெளிவு: அவன் சிறுவன், அவன் கைதி. அதே காரணம் வன்னியில் பதினாறு வயதில் வலுக்கட்டாயமாக இழுத்துப் போகப்பட்டவனுக்கும் பொருந்தும் என்று சொல்லத்தான் அன்றைக்கு எந்தப் பேனரிலும் இடம் இல்லை. இன்றைக்கும் நவம்பர் 27 வந்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சீருடைப் பையன்கள் வரிசையாக வருகிறார்கள். படத்தில் இருப்பவன் எந்த வயதில் எப்படிச் சேர்ந்தான் என்று ஸ்டேட்டஸ் போடுகிறவருக்கும் தெரியாது.

2009 மே மாதத்துக்குப் பிறகு சரணடைந்தவர்களில் 594 பேர் பதினெட்டுக்குக் கீழே. அவர்களை மட்டும் தனியாகப் பிரித்தார்கள். அதில் ஒரு பகுதியினரைக் கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை இந்துக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அங்கே பழையபடி வெள்ளைச் சட்டை, வகுப்பு, விட்ட இடத்திலிருந்து கணக்குப் பாடம். 2010 மே மாதத்துக்குள் 594 பேரும் வீடு சேர்ந்தார்கள். 1989-ல் டியூஷன் முடிந்து வந்த வழியில் பிடிபட்டவர்களின் பெயர்கள் புலிகளின் மாவீரர் பட்டியலிலும் இல்லை, எந்த அரசின் ராணுவப் பட்டியலிலும் இல்லை.